ஜவ்வு கிழிந்தது சரி, எந்த இடத்தில்?

வந்த கதை

56 வயதுப் பெண். ஐந்து வாரமாக இடது முழங்கால் வலி. நாற்காலியில் உட்காருமுன்பே எம்ஆர்ஐ உறையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜவ்வு கிழிஞ்சிருச்சாம் டாக்டர். ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, கிழிஞ்சதை வெட்டிச் சுத்தம் பண்ணிடலாம்னு சொல்லியிருக்காங்க. பண்ணிக்கலாமா?"

வேறொரு இடத்தில் பார்த்துவிட்டு, இன்னொருவர் கருத்தையும் கேட்போம் என்று வந்திருந்தார். உறையைப் பிரிக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தேன். "படத்தை அப்புறம் பாக்கலாம்மா. வலி எப்படி ஆரம்பிச்சது, அதைச் சொல்லுங்க."

படி ஏறும்போது லேசான வலி இரண்டு வருடமாகவே உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வாரத்துக்கு முன், தரையில் விழுந்த பேனாவை எடுக்கக் குந்தி எழும்போது முழங்காலின் பின்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். "பக்கத்துல நின்னவங்களுக்கே கேட்டுச்சு." அன்று முழுக்கக் கால் ஊன்ற முடியவில்லை. மறுநாள் லேசான வீக்கம். வலி மாத்திரையில் கொஞ்சம் தணிந்தது. மூன்றாவது வாரத்தில் வலியின் குணமே மாறிவிட்டது. அதுவரை நடந்தால்தான் வலித்தது. பிறகு படுத்தாலும் விடவில்லை, நள்ளிரவில் எழுப்பியது.

எம்ஆர்ஐ எடுத்தது நான்காவது வாரத்தில். ஸ்கேன் கேட்டு எழுதிய படிவத்தின் நகலும் உறைக்குள் இருந்தது. அதில் 'இடது முழங்கால் வலி. மெனிஸ்கஸ் கிழிசல் உள்ளதா?' என்று ஒரே வரி. சத்தமும் இல்லை, இரவு வலியும் இல்லை.

இந்த 'ஜவ்வு' என்ற சொல் செய்யும் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமெண்டும் நம் பேச்சில் ஜவ்வு. தொடை எலும்புக்கும் அதன் கீழே உள்ள டிபியாவுக்கும் நடுவில் பிறைவடிவ மெத்தையாகக் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. தேய்மானம் என்று பேச்சு வந்தால் குருத்தெலும்பும் ஜவ்வாகிவிடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மெனிஸ்கஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கிழிசல் இரண்டு சென்டிமீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் வைத்தியம் தலைகீழாகிவிடும். இந்தப் பெண்ணுக்கு நடக்கவிருந்தது அதுதான்.

கை வைத்துப் பார்த்தது

லேசாக நொண்டி நடந்தார். மூட்டுக்குள் கொஞ்சம் நீர். கால் முழுதாக நீண்டது. மடக்கும்போது 110 பாகையில் பின்பக்கம் வலித்து நின்றது. மூட்டின் உள்பக்கக் கோட்டில், அதுவும் பின்பாதியில், விரல் வைத்தால் வலி. அங்கிருந்து ஒரு விரல்கடை மேலே, தொடை எலும்பின் உள்பக்கக் குமிழை அழுத்தியபோது அதைவிட அதிகமாகத் துள்ளினார். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் எலும்பு இப்படி வலிக்காது. காலைத் திருகி மடக்கிப் பார்க்கும் மெக்மரே சோதனையில் வலி இருந்தது, 'கிளிக்' இல்லை. லாக்மன் சோதனையில் மூட்டு கெட்டியாக நின்றது. ஆக, ஏசிஎல் எனும் முன் குறுக்குத் தசைநார் வேலை செய்கிறது. இடுப்பு மூட்டையும் சுழற்றிப் பார்த்தேன். இடுப்பில் கோளாறு இருந்து முழங்காலில் வலி காட்டுபவர்கள் உண்டு. முழங்கால் எம்ஆர்ஐயை எத்தனை முறை புரட்டினாலும் அது அதில் தெரியாது. இவருக்கு இடுப்பு சுத்தம்.

கையில் இருந்த எக்ஸ்ரே படுக்க வைத்து எடுத்தது. எம்ஆர்ஐயும் படுத்த நிலையில்தான் எடுக்கிறார்கள். உடல் எடை ஏறும்போது மூட்டு எப்படி நடந்துகொள்கிறது என்று இரண்டுமே சொல்லாது. நிற்க வைத்து ஒன்று, முழங்காலை 45 பாகை மடக்கி நிற்கவைத்து ஒன்று, இடுப்பு முதல் கணுக்கால் வரை முழுக்கால் படம் ஒன்று என மூன்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். உள்பக்க இடைவெளி லேசாகக் குறைந்திருந்தது. மூட்டுத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை எடைபோடும் கெல்கிரன்-லாரன்ஸ் அளவில் 1க்கும் 2க்கும் இடையில் வைக்கலாம். கால் 2 பாகை மட்டும் உள்வாங்கி வளைந்திருந்தது. எம்ஆர்ஐ கையில் இருக்கும்போது எக்ஸ்ரே எதற்கு என்று அவர் மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் வைத்தியத்தை முடிவு செய்ததில் அந்த 2 பாகைக்கும் பெரிய பங்கு இருந்தது.

ரிப்போர்ட்

முடிவுரையில் ஐந்து வரிகள். உள்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பில், அதாவது பிறையின் பின்பாகத்தில், மூன்றாம் நிலைக் கிழிசல் (மேற்பரப்பு வரை எட்டியது). ஏசிஎல்லில் மியூகாய்ட் சிதைவு, அதாவது நார்களுக்கிடையே கூழ் போன்ற பொருள் சேர்ந்து தடிப்பது. முழங்கால் சிப்பியின் குருத்தெலும்பில் இரண்டாம் நிலைத் தேய்வு. மூட்டில் நீர், பின்னால் சிறிய பேக்கர் நீர்க்கட்டி. கடைசியாக, தொடை எலும்பின் உள்பக்கக் குமிழில் மஜ்ஜை நீர்க்கோவை, 'அழுத்தத்தால் இருக்கலாம்'.

ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு வைத்தியம் செய்ய முடியாது. ஐந்து வரிகளும் ஒரே எடையில் நிற்கின்றன. இவற்றில் எது இரவில் எழுப்புகிறது, எது பத்து வருடமாக அங்கேயே சும்மா கிடக்கிறது என்பதை ரிப்போர்ட் பிரித்துச் சொல்லவில்லை.

சும்மா கிடப்பவை நிறையவே உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில், வலி உண்டா இல்லையா என்று பாராமல் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ கிடையாது. ஐம்பதைத் தாண்டியவருக்கு 'மெனிஸ்கஸ் கிழிசல்' என்று எழுதிவருவது நரைத்த முடி உள்ளது என்று எழுதுவதைவிடச் சற்றே அதிகமான தகவல், அவ்வளவுதான். ஃபின்லாந்தில் இன்னொரு சோதனை நடந்தது, 2013இல் வெளிவந்தது. தேய்மானத்தால் உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்த 146 பேர்; ஒரு பாதிக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள், மறுபாதிக்கு வெட்டுவது போல் பாவனை மட்டும். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இவ்வளவும் தெரிந்தவர் 'இது வயசுக் கிழிசல், அறுவை வேண்டாம், உடற்பயிற்சி போதும்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். தெரியாதவர் வெட்டுவார். இவருக்கு இரண்டுமே தவறான வழி.

படங்கள்

சிடியைப் போட்டதும் நான் முதலில் தேடுவது மெனிஸ்கஸை அல்ல. கொழுப்பின் ஒளியை அடக்கி, நீரை மட்டும் வெள்ளையாகக் காட்டும் படத்தொடரைத் திறந்து எலும்பு எங்கே வெளுத்திருக்கிறது என்று பார்ப்பேன். நல்ல மஜ்ஜை அதில் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருக்கும். அடிபட்ட எலும்பு விளக்கு போட்டது போல் நிற்கும். (படத்தின் விளிம்பில் கொழுப்பு சரியாக அடங்காமல் போனாலும் இதே வெளுப்பு வரும். எலும்புக்கு வெளியே தோலடிக் கொழுப்பும் சேர்ந்து வெளுத்திருந்தால் கருவியின் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும்.) இவருக்குத் தொடை எலும்பின் உள்பக்கக் குமிழில், எடை தாங்கும் இடத்தில், பெரிய வெளுப்பு. விரல் வைத்தபோது துள்ளிய அதே இடம்.

பிறகு டி1 படம். அதில் கொழுப்பு வெள்ளை, நீர் கறுப்பு. நீர்க்கோவையின் மங்கலுக்குள், குருத்தெலும்புக்குச் சற்று உள்ளே, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மூட்டின் வளைவுக்கு இணையாக ஓடியது. மேற்பரப்பு இன்னும் அமுங்கவில்லை. 'ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகும் நோய், ஆரம்ப நிலை' என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அது தவறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்துதான் மெனிஸ்கஸ். நல்ல மெனிஸ்கஸ் எல்லாப் படத்திலும் கரிக்கறுப்பு. பக்கவாட்டில் வெட்டிய சஜிட்டல் படங்களை வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டே வந்தால் முதலில் கழுத்து டை முடிச்சுப் போல ஒரே துண்டாகத் தெரியும். பிறகு முன்னும் பின்னுமாக இரண்டு கறுப்பு முக்கோணங்களாகப் பிரியும். பின் முக்கோணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளே கொஞ்சம் சாம்பல், ஆனால் உருவம் கெடவில்லை. பிசிஎல் எனும் பின் குறுக்குத் தசைநாருக்கு ஒரு படம் முன்னால் முக்கோணத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிழல் மட்டும். அடுத்த படத்தில் பிசிஎல் வந்துவிட்டது.

இதைப் பேய் அடையாளம் என்பார்கள். இருக்க வேண்டிய கறுப்பு ஆவியாகி நிற்பதால் அந்தப் பெயர். படத் துண்டு ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் மெனிஸ்கஸின் வேர், அதாவது அதன் முனை எலும்பில் ஊன்றும் பகுதி, மொத்தமே இரண்டு மூன்று படங்களில்தான் அகப்படும். சுட்டெலியின் சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாக உருட்டினால் தாண்டிப் போய்விடும். எனக்கே இரண்டாவது சுற்றில்தான் பட்டது.

ஒரே படத்தை நம்பி முடிவு கட்டக் கூடாது. முன்னிருந்து பின்னாக வெட்டிய கொரோனல் படங்களில் பிசிஎல் டிபியாவில் பதியும் மட்டத்துக்குப் போனேன். வேர் எலும்பில் ஊன்றும் இடத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. மேலிருந்து பார்க்கும் ஆக்ஸியல் படத்தில் பிறையின் பின்முனை எலும்பிலிருந்து துண்டாகி, நடுவில் வெள்ளை இடைவெளி. மூன்று திசையிலும் ஒரே கதை. கொரோனலில் கொஞ்சம் முன்னே வந்து, மெனிஸ்கஸ் டிபியாவின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று அளந்தேன். 4.1 மில்லிமீட்டர். 3ஐத் தாண்டினாலே சந்தேகிக்க வேண்டும்.

மற்ற வரிகளில் அதிகம் நிற்கத் தேவையில்லை. ஏசிஎல் தடித்து வெளுத்திருந்தாலும் நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடின. லாக்மன் சோதனையும் அதையே சொல்லியிருந்தது. வெளிப்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பில் ஒரு சாம்பல் திட்டு புரோட்டான் டென்சிட்டி என்ற வகைப் படத்தில் தெரிந்து, டி2 என்ற வகைப் படத்தில் மறைந்தது. காந்தப் புலத்துக்கு ஏறக்குறைய 55 பாகை சாய்ந்து கிடக்கும் நார்கள் காட்டும் மாயம் அது. பேக்கர் கட்டி மூட்டில் நீர் சேர்ந்ததன் விளைவு. அதைத் தனியாக உறிஞ்சி எடுத்தால் மறுபடி நிரம்பும்.

தொலைபேசியில்

எனக்கு வழக்கமாகப் படம் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் இருக்கிறார். படங்களை அனுப்பிவிட்டு, சத்தத்தையும் இரவு வலியையும் சொன்னேன். ஒரு நிமிடம் ஆகவில்லை.

"பின்வேர் அறுந்திருக்கு சார். சத்தம்னு நீங்க சொன்னதும் நேரா அங்கதான் போனேன். அனுப்பினவங்க இதை எழுதியிருந்தாங்களா?"

இல்லை என்றேன். "அப்ப அந்த ரிப்போர்ட் எழுதினவரைக் குறை சொல்ல முடியாது. கிழிசல் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிட்டார்."

எலும்பு சாகும் நோய் என்ற என் முடிவையும் சொன்னேன். "அது செத்த எலும்பு இல்ல சார், உடைஞ்ச எலும்பு" என்றார். கோடு குருத்தெலும்பை ஒட்டி, அதற்கு இணையாக ஓடுகிறது, சுற்றிலும் நீர்க்கோவை. ரத்த ஓட்டம் நின்ற எலும்பில் நெளிநெளியான எல்லைக்கோடு ஒரு தீவைச் சுற்றி வளைக்கும். பெரும்பாலும் ஸ்டீராய்டோ மதுவோ பின்னணியில் இருக்கும். பல இடங்களிலும் வரும். இவருக்கு எதுவும் பொருந்தவில்லை. எடை தாங்க முடியாமல் குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது.

நான் தவறியதற்குப் பழைய பாடம் ஒரு காரணம். 1968இல் ஆல்பேக் என்ற மருத்துவர் முழங்காலில் வரும் இந்த நோயை முதலில் விவரித்தபோது 'தானாக வரும் எலும்புச் சாவு' என்றுதான் பெயர் விழுந்தது. நாங்கள் படித்ததும் அப்படியே. 2000இல் யமமோட்டோவும் பல்லோவும், அறுவையில் எடுத்த எலும்புகளை நுண்ணோக்கியில் பார்த்து, முதலில் வருவது விரிசல், சாவு அதன் பின்விளைவு என்று காட்டினார்கள். பழைய பெயர் இன்னும் பல ரிப்போர்ட்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாரும் பக்கிளும்

எலும்பு ஏன் விரிசல் விட்டது என்பதற்கு விடை அந்த ஒரு சென்டிமீட்டர் வேரில் இருக்கிறது. அவருக்கும் மகனுக்கும் இடுப்பு வாரை வைத்துத்தான் விளக்கினேன். உடல் எடை இறங்கும்போது மெனிஸ்கஸ் வெளிப்பக்கம் பிதுங்கப் பார்க்கும். இரண்டு முனையும் எலும்பில் ஊன்றியிருப்பதால் பிதுங்க முடியாமல் வாரைப் போல இறுகி, எடையை அகலமாகப் பரப்பும். வேர் அறுந்தால் பக்கிள் கழன்ற மாதிரி. வார் முழுசாக இருக்கும், பிடிமானம் இருக்காது. எடை முழுவதும் எலும்பின் ஒரு புள்ளியில் இறங்கும். பிண முழங்கால்களில் அழுத்தத்தை அளந்த ஆய்வொன்று 2008இல் வந்தது. பின்வேர் அறுந்தபோது உச்ச அழுத்தம் 25 சதவீதம் கூடியது. மெனிஸ்கஸை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் அதே அளவுதான். வேரைத் தைத்தபோது அழுத்தம் பழைய நிலைக்கு இறங்கியது.

"அப்போ வெட்டிச் சுத்தம் பண்ணினா?" என்றார் மகன்.

"பக்கிள் கழண்டதுக்கு வாரை வெட்டின மாதிரி."

இது எங்கோ படித்துச் சொன்னது இல்லை. சில வருடங்களுக்கு முன் ஏறக்குறைய இதே வயது, இதே கதையோடு வந்த ஒருவருக்கு நான் வெட்டியிருக்கிறேன். ரிப்போர்ட்டில் 'பின்கொம்புக் கிழிசல்' என்று இருந்தது. உள்ளே போனேன், தொங்கிய நாரைச் சீவிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தார். நான்காவது மாதம் தடி ஊன்றி வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பின் குமிழ் அமுங்கித் தட்டையாகியிருந்தது. கடைசியில் செயற்கை மூட்டு வைக்க வேண்டியதாயிற்று. அன்றிரவு பழைய எம்ஆர்ஐயை எடுத்து உட்கார்ந்தேன். பேய் அங்கே நின்றுகொண்டிருந்தது, முதல் நாளிலிருந்தே.

இந்தப் பெண்ணுக்கு வேரைத் தைப்பது என்று முடிவு செய்தோம். எல்லாருக்கும் இது பொருந்தாது. கால் 5 பாகைக்கு மேல் வளைந்திருந்தால் தைத்த இடத்தின்மேலேயே எடை இறங்கித் தையலைப் பிய்க்கும். முதலில் எலும்பை நிமிர்த்த வேண்டும். குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்திருந்தால் தைத்துப் பயனில்லை. இவருக்கு 2 பாகை வளைவு, குருத்தெலும்பு பெரும்பாலும் மிச்சம், அறுந்து அதிக நாளாகவில்லை. எடை 71 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று சொல்லி வைத்தேன். வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம்தான் இருந்தது, அதற்கும் மருந்து. எலும்பு ஓய்வெடுக்க மூன்று வாரம் ஊன்றுகோல். முதல் வாரக் கடைசியிலேயே இரவு வலி குறைந்துவிட்டது.

சிறு துளைவழியே மூட்டுக்குள் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப்பில், கொக்கியால் தூக்கியதும் பின்முனை கையோடு வந்தது. பதியும் இடத்திலிருந்து 5 மில்லிமீட்டரில் குறுக்கே முழுதாக அறுந்திருந்தது. வேர்க் கிழிசல்களை லாப்ராட் என்ற மருத்துவர் பிரித்த ஐந்து வகைகளில் இரண்டாவது, அடிக்கடி காண்பது. இரண்டு நூல் போட்டு, டிபியாவில் துளைத்த குழிவழியே முன்பக்கம் இழுத்து, சிறிய பொத்தான் ஒன்றில் கட்டினோம். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. குந்துவதற்கு ஆறு மாதம் தடை. இந்த ஆறு வாரம்தான் அவரைப் படுத்தியது. அறுவையைவிட ஊன்றுகோல்தான் கொடுமை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு

ஆறாவது மாதம் மறுபடி எம்ஆர்ஐ. ரிப்போர்ட் அவர் கைக்கு முதலில் போய்விட்டது. மாலையில் போன் வந்தது, குரல் உடைந்திருந்தது. "மறுபடியும் மூணாம் நிலைக் கிழிசல்னு போட்டிருக்கு டாக்டர்."

படங்களைத் திறந்தேன். வேர் மூன்று திசையிலும் தொடர்ச்சியாக இருந்தது. கரிக்கறுப்பு இல்லை, சாம்பல்தான். தைத்து ஆறிய மெனிஸ்கஸ் வெகுகாலம் அப்படித்தான் தெரியும், தைத்தது என்று தெரியாதவர் கண்ணுக்குக் கிழிசலாகவே படும். நீர்க்கோவை போய்விட்டது. கறுப்புக் கோடு தேடினால் தெரியும் அளவுக்கு மங்கியிருந்தது. பிதுங்கல் 3.8, இது பெரிதாகக் குறையும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, தைத்தாலும் மெனிஸ்கஸ் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவது அரிது.

ஸ்கேன் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. 'இடது முழங்கால், தொடர் பரிசோதனை.' வேரைத் தைத்திருக்கிறோம் என்று எழுதவில்லை.

ரேடியாலஜிஸ்டிடம் அறுவைக் குறிப்பைக் கொடுத்ததும் ரிப்போர்ட்டைத் திருத்தித் தந்தார். மறுநாள் அந்தப் பெண்ணை வரவழைத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பேய் நின்ற இடத்தை அவரே விரல் வைத்துக் காட்டினார்.

ஒரு வருடத்தில் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் உள்பக்க இடைவெளி அப்படியே இருந்தது. 4 கிலோ குறைந்திருந்தார். படி இறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைப் பிடிக்கிறார். வலியால் இல்லை, பயத்தால் என்கிறார். அடுத்த எக்ஸ்ரே இரண்டாம் வருட முடிவில்.